அடிப்பதா, மாற்றுவதா? மான்ஸ்டர் சண்டை கேள்வி பதில்

கத்திரி வெயிலில் மத்தியான நேரம் எங்கள் மாவட்டத்தில் எந்தப் பிள்ளையும் தெருவில் இல்லை என்பது இந்த மாதம் வந்த கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. பெரும்பாலான கடிதங்கள் மான்ஸ்டர் சேர்க்கும் ஆட்டங்கள் பற்றி, அதிலும் போக்கிமான் சண்டை பற்றி. காட்பாடியில் நான் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் இதை ஆடுவேன். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க இதற்கே.

மிஸ், என் சாரிசார்ட் லெவல் 78. கதையில் யார் வந்தாலும் ஒரே அடிதான். ஆனா ஷோடவுன் என்ற சண்டை வலைத்தளத்தில் நிஜ ஆட்களோடு ஆடினால் உள்ளே வந்த உடனேயே பாதி உயிர் போய்விடுகிறது. அடுத்த அடியில் அவுட். ஆட்டத்தில் ஏதாவது கோளாறா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், குடியாத்தம்

கோளாறு எதுவும் இல்லை, தம்பி. நீ சாரிசார்டை இறக்குவதற்கு முன்னாலேயே எதிராளி உன் பக்கம் ஸ்டெல்த் ராக் போட்டு வைத்திருக்கிறார். 2006-ல் வந்த டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில் அறிமுகமான வித்தை அது. கூரான கற்கள் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். யார் உள்ளே வந்தாலும் குத்தும். சாதாரணமாக மொத்த உயிரில் எட்டில் ஒரு பங்கு போகும். பாறை வகைக்குப் பலவீனமான மான்ஸ்டர் என்றால் அது பெருகும். சாரிசார்ட் நெருப்பு வகை, கூடவே பறக்கும் வகை. பாறை இரண்டுக்குமே 2 மடங்கு. ஆக 4 மடங்கு. எட்டில் ஒன்றை நாலால் பெருக்கு, பாதி வருகிறதா? அதுதான் உன் பாதி உயிர்.

இதற்கு வழி இருக்கிறது. 2019-ல் ஸ்வோர்ட், ஷீல்ட் ஆட்டங்களில் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்று ஒரு பொருள் வந்தது. அதை மாட்டிவிட்டால் கல் குத்தாது. ஆனால் ஒரு மான்ஸ்டர் ஒரு பொருள்தான் வைத்திருக்க முடியும். பூட்ஸ் மாட்டினால் அடியைக் கூட்டும் லைஃப் ஆர்ப் கிடையாது. இல்லையென்றால் ராப்பிட் ஸ்பின் அல்லது டிஃபாக் தெரிந்த ஒரு துணையை முதலில் இறக்கிக் கற்களைத் துடைத்துவிட்டு அப்புறம் சாரிசார்டைக் கொண்டு வரலாம். அதற்கு ஒரு சுற்று செலவாகும், அந்தச் சுற்றில் எதிராளி சும்மா இருக்கமாட்டார். எந்த வழியில் போனாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது, பார்த்தாயா? நான் சண்டை ஆழம் என்று சொல்வது இதைத்தான்.

கதையில் ஏன் இது தெரியவில்லை? அங்கே உன் லெவலை ஏற்றிக்கொண்டே போகலாம். ஷோடவுனின் வழக்கமான போட்டிகளில் எல்லோருக்கும் லெவல் 100, அதிகாரபூர்வப் போட்டிகளில் எல்லோருக்கும் 50. லெவல் என்கிற ஊன்றுகோல் இல்லாதபோதுதான் சண்டை தொடங்குகிறது. இன்னொரு விஷயம்: கதையில் எதிரியின் மான்ஸ்டர் ஒன்று விழுந்ததும், அடுத்து எது வருகிறது என்று ஆட்டமே சொல்லி, ‘நீ மாற்றிக்கொள்கிறாயா?’ என்று கேட்கும். அது இலவச மாற்றம். பழைய ஆட்டங்களில் அமைப்புக்குள் போய் ‘ஷிஃப்ட்’ என்பதை ‘செட்’ என்று மாற்றினால் அது நின்றுவிடும். அப்படி வைத்து, சண்டைக்கு நடுவில் மருந்து கொடுக்காமல் ஒரு முறை கதையை ஆடிப் பார். அதே ஆட்டம் வேறு மாதிரி இருக்கும்.

வணக்கம் மேடம். மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். பொழுது முழுக்க இந்தச் சண்டைதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு இலையை எரிக்கும், அவ்வளவுதானே? கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் மூளைக்கு வேலை இருக்கிறதா?
– ஒரு தந்தை, ராணிப்பேட்டை

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் ஐயா. நீங்கள் பார்த்த தண்ணீர், நெருப்பு, இலை எல்லாம் வாசல்படி. உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒரு சுற்றை வைத்துக் காட்டுகிறேன்.

ஆளுக்கு ஆறு மான்ஸ்டர். களத்தில் ஆளுக்கு ஒன்று. சுற்று ஆரம்பித்ததும் இருவரும் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், முடிவு செய்ய வேண்டும். அடிக்கலாம், அல்லது களத்தில் இருப்பதை உள்ளே இழுத்து வேறொன்றை இறக்கலாம். மாற்றம் முதலில் நடக்கும், அடி அப்புறம் விழும். நம் ஊர் ஆடு புலி ஆட்டத்தில் எதிராளி நகர்த்தியதைப் பார்த்துவிட்டு நாம் நகர்த்துகிறோம். இங்கே அந்த வசதி கிடையாது.

இப்போது உங்கள் மகனிடம் லுகாரியோ நிற்கிறது என்று வையுங்கள். சண்டை வகையும் இரும்பு வகையும் சேர்ந்தது. எதிரில் கார்ச்சாம்ப், டிராகனும் நிலமும் சேர்ந்தது, லுகாரியோவை விட வேகம். அதனிடம் எர்த்குவேக் என்ற நிலத் தாக்குதலும் ஸ்டோன் எட்ஜ் என்ற பாறைத் தாக்குதலும் இருக்கின்றன. எர்த்குவேக் பட்டால் லுகாரியோ அதே இடத்தில் விழுந்துவிடும். மகனின் ஆறில் கியாரடோஸும் இருக்கிறது. தண்ணீரும் பறக்கும் வகையும் சேர்ந்தது. பறக்கும் வகை மேல் நிலத் தாக்குதல் படவே படாது. அதை இறக்கினால் எர்த்குவேக் வீண். சுலபம்தானே?

எதிராளிக்கும் அது தெரியும் ஐயா. ‘இவன் கியாரடோஸை இறக்கப்போகிறான்’ என்று அவர் யோசித்து ஸ்டோன் எட்ஜ் போட்டால், அது கியாரடோஸுக்கு 2 மடங்கு. பாதிக்கு மேல் உயிர் போகும். சரி, அவர் அப்படி யோசிப்பார் என்று உங்கள் மகன் யோசித்து லுகாரியோவையே நிறுத்தி வைத்தால்? லுகாரியோ மேல் ஸ்டோன் எட்ஜ் கால் பங்குதான் வேலை செய்யும். கீறல் மாதிரி. உடனே திருப்பி ஐஸ் பஞ்ச் கொடுத்தால் கார்ச்சாம்புக்கு 4 மடங்கு. ஆனால் அவர் யோசிக்காமல் நேராக எர்த்குவேக் போட்டிருந்தால் லுகாரியோ போச்சு.

என் டியூஷனில் இதைப் பலகையில் நாலு கட்டம் போட்டு எழுதுவோம். நின்றால், மாற்றினால் என்று இரண்டு வரிசை. எர்த்குவேக், ஸ்டோன் எட்ஜ் என்று இரண்டு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு என்ன நஷ்டம் என்று பிள்ளைகளே நிரப்புவார்கள். அப்புறம் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்து, மேசையில் கவிழ்த்து வைக்கச் சொல்லி ஒரே நேரத்தில் திருப்பச் சொல்வேன். எப்போதும் மாற்றுகிற பிள்ளை சீக்கிரமே அடி வாங்குவாள். எப்போதும் நிற்கிறவனும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்: இரண்டையும் கலந்துதான் ஆட வேண்டும், எவ்வளவு கலப்பது என்பதை அந்த நாலு கட்டத்து நஷ்ட லாபம்தான் முடிவு செய்யும். கல்லூரியில் கேம் தியரி என்று பாடமாக வைக்கிறார்களே, அதன் முதல் அத்தியாயம் இதுதான்.

இதற்கு மேல் மூன்றாவது வழியும் உண்டு. பிரான்சாங் என்று ஒன்று, இரும்பும் மனோசக்தியும் சேர்ந்தது. லெவிடேட் என்ற தன்மை இருந்தால் நிலத் தாக்குதல் படாது, பாறை பாதிதான் படும். அதை இறக்கினால் இரண்டு அடியிலிருந்தும் தப்பலாம். ஆனால் அதன் அடி பலமில்லாதது. எதிராளி பயமில்லாமல் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போட்டுத் தன் தாக்கும் சக்தியை இரண்டு மடங்காக்கிக்கொள்வார். பத்திரமாக ஒதுங்கியதற்கு விலை அடுத்த சுற்றில் வரும்.

கல், காகிதம், கத்தரியில் மூன்று தெரிவுக்கும் நஷ்டம் ஒரே அளவு, போன சுற்று இந்தச் சுற்றைத் தொடாது. இங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் நஷ்டம் வேறு, அதோடு இந்தச் சுற்றில் இழந்தது கடைசி வரை கூடவே வரும். மூளைக்கு நிறைய வேலை இருக்கிறது ஐயா. பொழுது முழுக்க ஆடுவது பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். அதற்கு நேரம் குறித்துக் கொடுங்கள். ஆனால் ஆட்டத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் அவனிடம் ‘ஏன் இப்போ மாத்தின?’ என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்கும்.

மிஸ், மின்சாரத் தாக்குதல்களில் தண்டர்போல்ட்டின் பலம் 90, எப்போதும் படும். தண்டரின் பலம் 110, ஆனால் நூற்றுக்கு 70 தடவைதான் படும். எதைக் கற்றுக்கொடுப்பது?
– பிளஸ் ஒன் மாணவி, வாலாஜாபேட்டை

சராசரி பார்த்தால் 110-ஐ 0.7-ஆல் பெருக்கு, 77. தண்டர்போல்ட் 90. கண்ணை மூடிக்கொண்டு தண்டர்போல்ட் என்று சொல்லலாம். அடுத்தடுத்து இரண்டு தண்டரும் படுவதற்கு வாய்ப்பு 49 சதவீதம்தான், பாதிக்கும் கீழே.

ஆனால் சராசரி பாப்பா, நீண்ட கணக்குக்கு. ஒரு சுற்றுக்கு அது போதாது. எதிராளிக்கு 100 உயிர் மிச்சம், தண்டர்போல்ட் 90 எடுக்கும், தண்டர் 110 எடுக்கும், அடுத்த அடியில் நீ விழுவது உறுதி என்று வை. அப்போது தண்டர்போல்ட்டால் ஜெயிக்கும் வாய்ப்பு பூஜ்யம். தண்டரால் 70 சதவீதம். சராசரியில் தோற்றது இங்கே ஜெயிக்கிறது. இன்னொன்று, மழை பெய்யும் களத்தில் தண்டர் தவறவே தவறாது. மழை வரவழைக்கும் மான்ஸ்டர் உன் அணியில் இருந்தால் தண்டர், இல்லையென்றால் தண்டர்போல்ட்.

ஒரு அடி எவ்வளவு உயிரை எடுக்கும் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? சூத்திரம் இருக்கிறதா?
– பாலிடெக்னிக் மாணவர், ஆற்காடு

இருக்கிறது, அழகான சூத்திரம். லெவலை 2-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து 2 கூட்டு. லெவல் 50 என்றால் 22. அதைத் தாக்குதலின் பலத்தால் பெருக்கு. அடிப்பவரின் தாக்கும் சக்தியால் பெருக்கு. வாங்குபவரின் தடுக்கும் சக்தியால் வகு. 50-ஆல் வகுத்து 2 கூட்டு. பலம் 100, தாக்கும் சக்தி 150, தடுக்கும் சக்தி 100 என்று போட்டால் 68 வரும்.

இனிதான் பெருக்கல்கள். அடிப்பவரின் வகையும் தாக்குதலின் வகையும் ஒன்றே என்றால் ஒன்றரை மடங்கு, 102. எதிராளி அதற்குப் பலவீனம் என்றால் இரண்டு மடங்கு, 204. எதிர்க்கும் வகை என்றால் அதே 102 பாதியாகி 51. அதாவது, அதே மான்ஸ்டர், அதே அடி, எதிரில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து 204-ம் எடுக்கும், 51-ம் எடுக்கும். உங்கள் தாக்கும் சக்தியை எவ்வளவு வளர்த்தாலும் ஒரே சுற்றில் இந்த நாலு மடங்கு வித்தியாசத்தைப் பிடிப்பது ரொம்ப அபூர்வம். மாற்றம் ஏன் இவ்வளவு பெரிய ஆயுதம் என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே இருக்கிறது.

கடைசியாக 85 முதல் 100 சதவீதம் வரை 16 படிகளில் ஏதாவது ஒன்று தற்செயலாக வரும். 204 என்று சொன்னது உச்சம். பின்னங்களை வெட்டிக்கொண்டே போவதால் கீழ் எல்லை 170. எதிராளிக்கு 180 உயிர் இருந்தால் விழலாம், விழாமலும் போகலாம். நல்ல ஆட்டக்காரர் இந்த எல்லையை மனதில் வைத்துத்தான் அடிப்பார்.

அண்ணன் ஐவி, ஈவி, நேச்சர் என்று என்னென்னவோ சொல்கிறான். மறைத்து வைத்த எண்களாம். இதெல்லாம் தெரிந்தால்தான் ஆழமா? எனக்குச் சுமையாகத் தெரிகிறது, அக்கா.
– ஷூ கம்பெனியில் வேலை செய்யும் வாசகி, ஆம்பூர்

மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டக் கூடாது தங்கச்சி. ஐவி என்பது பிறக்கும்போதே உயிர், பலம், வேகம் போன்ற ஒவ்வொரு குணத்துக்கும் 0 முதல் 31 வரை கிடைக்கும் எண். பெரும்பாலும் எல்லோருக்கும் 31 தான் வேண்டும். தெரிவு எதுவும் இல்லை, நல்ல எண்ணோடு ஒரு குட்டி வரும்வரை முட்டை பொரித்துக்கொண்டே இருப்பதுதான் மிச்சம். அதை நான் ஆழம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டேன், அது வெறும் கூலி வேலை. ஆட்டம் செய்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2016-ல் சன், மூன் ஆட்டங்களில் பாட்டில் கேப் என்ற பொருளைக் கொடுத்து ஐவியை ஏற்றிக்கொள்ளும் வசதி வந்தது. வேலைக்குப் போய் வருகிற உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

ஈவி வேறு, அது பயிற்சியில் சேருவது. மொத்தம் 510 புள்ளி, ஒரு குணத்துக்கு அதிகபட்சம் 252. அதாவது இரண்டு குணத்தைத்தான் முழுசாக நிரப்ப முடியும். வேகமா, பலமா, உயிரா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இது ஆழம். நேச்சரும் அப்படியே, ஒரு குணத்தை 10 சதவீதம் ஏற்றி இன்னொன்றை 10 சதவீதம் இறக்கும்.

ஒரே ஒரு உதாரணம். கார்ச்சாம்பின் அடிப்படை வேகம் 102, சாரிசார்டின் வேகம் 100. லெவல் 50-ல் இரண்டுக்கும் ஐவி, ஈவி முழுசாகப் போட்டு வேகத்தை ஏற்றும் நேச்சரும் கொடுத்தால் கார்ச்சாம்ப் 169, சாரிசார்ட் 167. வெறும் 2 புள்ளியில் கார்ச்சாம்ப் முந்தும். அதே கார்ச்சாம்புக்குத் தாக்கும் சக்தியை ஏற்றும் நேச்சர் கொடுத்தால் அடி பலமாகும், ஆனால் வேகம் 154-க்கு இறங்கி சாரிசார்ட் முந்திவிடும். எதிராளியின் கார்ச்சாம்ப் எந்த நேச்சர் என்று வெளியே தெரியாது. யார் முதலில் அடிக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஊகிக்க முடியும். அந்த ஊகத்தில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

சுமையாகத் தெரிந்தால் ஷோடவுனில் ராண்டம் பேட்டில் ஆடுங்கள். எண்ணெல்லாம் அதுவே போட்டு ஆறு மான்ஸ்டரைக் கையில் கொடுத்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் போனிலேயே ஒன்று ஆடி முடிக்கலாம்.

எனக்குக் குட்டிக் குட்டி மான்ஸ்டர்தான் பிடிக்கும். தோழிகள் கிண்டல் செய்கிறார்கள். பெரிய டிராகன் வைத்திருந்தால்தான் ஜெயிக்க முடியுமா, மிஸ்?
– எட்டாம் வகுப்பு மாணவி, திருப்பத்தூர்

கண்ணு, உன் தோழிகளிடம் பாச்சிரிசு பெயரைச் சொல். மின்சார அணில். அதன் ஆறு குணங்களையும் கூட்டினால் 405, கார்ச்சாம்புக்கு 600. 2014-ல் அமெரிக்காவின் வாஷிங்டனில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியில், தென் கொரியாவின் சே ஜுன் பார்க் அந்த அணிலை அணியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் பிரிவில் சாம்பியன் ஆனார். அந்த அணிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது.

எப்படி ஜெயித்தது? அந்தப் போட்டி இரட்டையர் சண்டை. ஆளுக்கு இரண்டு மான்ஸ்டர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும். அணியில் ஆறு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதில் நாலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாச்சிரிசுக்கு ஃபாலோ மீ என்று ஒரு வித்தை தெரியும். அதைப் போட்டால் அந்தச் சுற்றில் துணையை நோக்கி வரும் அடியெல்லாம், எல்லோர் மேலும் பரவும் அடியைத் தவிர, அணில் மேல் திரும்பிவிடும். அவர் அணியில் கியாரடோஸும் இருந்தது. கியாரடோஸுக்கு மின்சாரம் என்றால் 4 மடங்கு. அந்த மின்சாரத்தை அணில் தன் பக்கம் இழுத்துக்கொண்டால்? வோல்ட் அப்சார்ப் என்ற தன்மையால் அடி படாததோடு, அணிலுக்குக் கால் பங்கு உயிர் ஏறும். எதிராளி ஓங்கிய கை இவருக்கு மருந்தாகிவிடும். அந்த நேரத்தில் கியாரடோஸ் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும்.

இன்னொன்றைக் கவனி. அணிலின் தாக்கும் சக்தி 45, ரொம்பக் குறைச்சல். ஆனால் அதற்கு அவர் கொடுத்தவை எவை? சூப்பர் ஃபாங், நஸ்ஸில். சூப்பர் ஃபாங் எதிராளியிடம் மிச்சமுள்ள உயிரில் பாதியை எடுத்துவிடும். கடிப்பவர் அணிலா ஆனையா என்று அது பார்ப்பதில்லை. நஸ்ஸில் பட்டால் பக்கவாதம் நிச்சயம், எதிராளி மெதுவாகிவிடுவார். பலமில்லாத ஒரு உடம்புக்கு, பலம் தேவைப்படாத வேலைகளாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். உனக்குப் பிடித்த குட்டியை எடுத்துக்கொண்டு உட்கார். அதனால் மட்டுமே முடிகிற வேலை எது என்று பட்டியலில் தேடு. கிடைத்ததும் அதைக் காப்பாற்றவும் பயன்படுத்தவும் தெரிந்த ஒரு துணையைத் தேடு. எல்லாக் குட்டிக்கும் கிடைக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி கிடைத்தாலும் ஆட்டம் ரொம்ப நன்றாக இருக்கும்.

பேரன் தோற்றுவிட்டால் போனைத் தூக்கி எறிகிறான்மா. கேட்டால் ‘லக்கு இல்ல ஆயா’ என்கிறான். நான் என்ன சொல்லட்டும்?
– ஒரு பாட்டி, சத்துவாச்சாரி

அம்மா, அதிர்ஷ்டம் இதில் உண்டுதான். புதிய ஆட்டங்களில் 24-க்கு ஒரு அடி, தானாகவே ஒன்றரை மடங்கு பலமாக விழும். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அதில் போகும். பிள்ளைக்கு அழுகை வரும். ஆனால் ஷோடவுனில் முடிந்த சண்டையைச் சேமித்து வைத்துத் திரும்பப் பார்க்கலாம். கோபம் ஆறியதும் உங்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘அந்தக் கெட்ட அடிக்கு முன்னாடி நீ வேற எதை இறக்கியிருக்கலாம்?’ என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிடும். போனுக்கு ஒரு நல்ல உறையும் வாங்கிப் போடுங்கள்.

போக்கிமானைத் தவிர வேறு எந்த மான்ஸ்டர் ஆட்டத்தில் சண்டை ஆழமாக இருக்கிறது?
– ஐ.டி. ஊழியர், வாணியம்பாடி

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஷின் மெகாமி டென்செய் வரிசையில் 2003-ல் வந்த நாக்டர்ன். நாலு பேர் இருந்தால் நாலு வாய்ப்பு. எதிரியின் பலவீனத்தில் அடித்தால் வாய்ப்பு பாதிதான் செலவாகும், இன்னொரு தடவை அடிக்கலாம். அடி தவறினால் இரண்டு வாய்ப்பு போகும். எதிரி அந்த அடியைத் திருப்பிவிட்டால் மொத்தமும் போய்விடும். எதிரிக்கும் இதே சட்டம். அதனால் அங்கே கதையிலேயே, சாதாரண வழிப்போக்கு எதிரியிடமே, யோசிக்காமல் அடித்தால் அணி முழுக்க விழும். மேலே குடியாத்தம் தம்பிக்குச் சொன்ன குறை அதில் இல்லை.

டெம்டெம் என்ற ஆட்டத்தில் இரட்டையர் சண்டை. அடி எப்போதும் படும், தற்செயல் கூட்டல் கழித்தல் கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் தெம்பு செலவாகும். தெம்புக்கு மீறி அடித்தால் தன் உயிரே குறையும், அடுத்த சுற்று சும்மா நிற்க வேண்டும். அதிர்ஷ்டம் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. எனக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால்தான் பிடிக்கிறது, அது என் ருசி.

2023-ல் வந்த கேசட் பீஸ்ட்ஸில் வகைகள் கூட்டல் பெருக்கலோடு நிற்பதில்லை. பனி வகையை நெருப்பால் அடித்தால் அது உருகித் தண்ணீர் வகையாகிவிடும். எதிராளியின் வகையையே மாற்றி வைத்துவிட்டு அதற்கேற்ற அடுத்த அடியைத் தயார் செய்யலாம். அருமையான யோசனை.

மேடம், நாங்கள் நாலு பேர் சேர்ந்து மான்ஸ்டர் ஆட்டம் ஒன்று செய்கிறோம். பாலாறு, வேலூர்க் கோட்டை, ஜவ்வாது மலை எல்லாம் களம். 200 பூதம், 24 வகை வைத்திருக்கிறோம். படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சண்டை தட்டையாக இருக்கிறது. ஆடிய நண்பர்கள் எல்லோரும் ஒரே பட்டனை அழுத்திக்கொண்டே போகிறார்கள்.
– பொறியியல் மாணவர்கள், காட்பாடி

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பாலாற்றை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்.

24 வகையை வெட்டுங்கள். போக்கிமான் 1996-ல் 151 மான்ஸ்டர், 15 வகையோடு தொடங்கியது. அப்புறம் சேர்த்ததெல்லாம் காரணத்தோடு சேர்த்தது. முதல் ஆட்டத்தில் மனோசக்தி வகையை அடக்க ஆளே இல்லை. 1999-ல் இரும்பு வகையோடு இருள் வகையையும் கொண்டு வந்தார்கள், இருள் மேல் மனோசக்தி படவே படாது. 2013-ல் தேவதை வகை வந்தது, அதன் மேல் டிராகன் தாக்குதல் படாது. மொத்தம் 18. உங்கள் 24-ல் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள். சண்டை மாறவில்லை என்றால் அந்த வகை வேண்டாம்.

ஒரே பட்டன் பிரச்சினைக்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை இரண்டு. ஒன்று, உங்கள் பலமான அடிக்கு விலை இல்லை. தவறும் வாய்ப்போ, அடுத்த சுற்று ஓய்வோ, தன் தடுப்பு குறைவதோ, ஏதாவது ஒன்று வையுங்கள். இரண்டு, உங்கள் எதிரிகள் மாற்றுவதே இல்லை என்று நினைக்கிறேன். எதிரி பூதத்தை மாற்றாதவரை ஆடுபவரும் மாற்றமாட்டார், மாற்றாதவரை அவருக்கு ஊகிக்க எதுவும் இல்லை. கோட்டைக்குள் வரும் முதல் பெரிய எதிரியே, உங்கள் தண்ணீர் பூதத்தைப் பார்த்ததும் தன் நெருப்பு பூதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வேறொன்றை இறக்கட்டும். அந்த ஒரு சுற்றில் ஆடுபவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றும் செய்யுங்கள். கம்ப்யூட்டரை மூடி வையுங்கள். 200-ல் பன்னிரண்டு பூதத்தை மட்டும் எடுத்து, ஆளுக்கு ஒரு அட்டையில் உயிர், வேகம், நாலு அடி என்று எழுதிக்கொண்டு, இருவர் இருவராக மேசையில் ஆடிப் பாருங்கள். எந்த அட்டையை யாருமே எடுக்கவில்லையோ அதைத் திருத்துங்கள். எந்த அட்டையை எல்லோரும் எடுக்கிறார்களோ அதையும் திருத்துங்கள். அட்டைகள் தயாரானதும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் டியூஷனுக்கு வரச் சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் கொடுத்தால், எந்தப் பூதத்தை வைத்து உங்கள் ஆட்டத்தை உடைக்கலாம் என்று அன்றைக்கே காட்டிவிடுவார்கள்.